கணக்கியல் பட்டப்படிப்பு: கல்லூரி ஆண்டுகளை எப்படிப் பயன்படுத்துவது?

வாசகர் கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கணக்கியல் பட்டப்படிப்பில் சேர இருக்கிறேன். கணிதத்தில் நான் சராசரிதான். பட்டம் மட்டும் பெற்றால் கணக்கராக வேலை கிடைக்குமா? கல்லூரியில் இருக்கும்போதே எதில் அதிகக் கவனம் செலுத்த வேண்டும்?

பதில்: கணிதத்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. அன்றாடக் கணக்கு வேலைக்குக் கூட்டல், கழித்தல், விழுக்காடு, விகிதம் ஆகியவை போதும். புள்ளியியல், நிதி மேலாண்மை ஆகிய தாள்களுக்கு மட்டும் சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். ஒரு தொகை எந்தக் கணக்குக்கு, எந்த ஆண்டுக்கு உரியது என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் பெரும்பாலான மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.

எனவே, முதலாம் ஆண்டின் இரட்டைப் பதிவு முறையையும் (ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் மற்றொன்றில் வரவாகவும் எழுதும் முறை), சரிக்கட்டுப் பதிவுகளையும் (வரவு செலவுகளை அவற்றுக்குரிய ஆண்டில் சேர்க்க ஆண்டிறுதியில் எழுதும் பதிவுகள்) பிற பாடங்களைவிட ஆழமாகப் படியுங்கள். டிசம்பர் 31 அன்று நிதியாண்டு முடியும் ஒரு நிறுவனம், அக்டோபர் 1 அன்று ஓராண்டுக் காப்பீட்டுக்காக 12,000 செலுத்துகிறது என்று கொள்வோம். பணம் முழுவதும் கையைவிட்டுப் போய்விட்டது; ஆயினும் அந்த ஆண்டின் செலவாகக் காட்டத்தக்கது மூன்று மாதங்களுக்குரிய 3,000 மட்டுமே. எஞ்சிய 9,000, முன்கூட்டிச் செலுத்திய செலவு என்ற பெயரில் இருப்புநிலைக் குறிப்பின் (நிறுவனத்தின் சொத்துகளையும் பொறுப்புகளையும் காட்டும் அறிக்கை) சொத்துப் பகுதியில் இடம்பெற வேண்டும். முழுத் தொகையையும் செலவில் எழுதிவிட்டால், அவ்வாண்டின் இலாபம் 9,000 குறைந்தும் அடுத்த ஆண்டின் இலாபம் அதே அளவு கூடியும் தெரியும். தேய்மானம், கொடுபட வேண்டிய செலவுகள், வாராக்கடன் ஒதுக்கு (வசூலாகாமல் போகக்கூடிய கடனுக்காக ஒதுக்கும் தொகை) ஆகிய அனைத்தும் இதே சிந்தனையின் வெவ்வேறு வடிவங்களே என்பதால், இது பிடிபட்டுவிட்டால் அவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைப் பட்டியலிடும் இருப்பாய்வின் இருபக்கக் கூட்டுத்தொகைகளும் ஒத்துவிட்டால் கணக்கு சரி என்று எண்ணிவிடாதீர்கள். இயந்திரத்தைப் பழுதுபார்த்த செலவை இயந்திரக் கணக்கிலேயே பற்று வைத்தாலும் இருப்பாய்வு சமன்படும். செலவு சொத்தாகப் பதிவாகிவிடுவதால், இலாபம் மட்டும் உள்ளதைவிட மிகுதியாகத் தெரியும். இதைத்தான் விதிப் பிழை என்கிறோம். கூட்டுத்தொகைகள் ஒத்துவராதபோது, வேறுபாடு 9-ஆல் வகுபடுகிறதா என்று பாருங்கள். 540 என்பதை ஓரிடத்தில் 450 என்று எழுதியிருந்தால் வேறுபாடு 90. அது இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பதற்கான அடையாளம். மென்பொருள் இருக்கும் காலத்தில் கையால் பேரேடு (கணக்குவாரியாகப் பதிவுகளைத் தொகுக்கும் ஏடு) எழுதிப் பழகுவானேன் என்று சிலர் கேட்பதுண்டு. மென்பொருள் கூட்டலில் தவறாது; நீங்கள் தவறான கணக்கைத் தேர்ந்தெடுத்தால் அதையும் மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

பட்டம் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு வருவோம். கணக்கு உதவியாளர் போன்ற தொடக்கநிலைப் பணிகளுக்குப் பெரும்பாலும் போதும். தணிக்கை அறிக்கையில் கையொப்பமிடும் உரிமை வேண்டுமெனில், பொதுவாகத் தொழில்முறை அமைப்பொன்றின் தேர்வுகளில் தேறி, நடைமுறைப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 1904-இல் தொடங்கப்பட்ட ஏசிசிஏ (ACCA) என்னும் பிரிட்டனைச் சேர்ந்த பட்டயக் கணக்கர் அமைப்பு, தேர்வுகளுடன் 36 மாதப் பணி அனுபவத்தையும் கேட்கிறது. தகுதியான பட்டம் பெற்றவர்களுக்குச் சில தாள்களிலிருந்து விலக்கும் அளிக்கிறது. அந்த விலக்கு கல்லூரிக்குக் கல்லூரி, பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் வேறுபடுவதால், நீங்கள் சேரவிருக்கும் படிப்புக்கு எத்தனை தாள்கள் குறையும் என்பதைக் கல்லூரியின் விளம்பரத்தை நம்பாமல், அந்தந்த அமைப்பிடமே சேர்க்கைக்கு முன் உறுதிசெய்துகொள்ளுங்கள். கல்லூரித் தேர்வில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பது என் கருத்து.

பாடநூல் வாங்கும்போது பதிப்பாண்டைப் பாருங்கள். பன்னாட்டு நிதி அறிக்கைத் தரங்களில் 2024-இல் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் 18, நிதிநிலை அறிக்கைகளை அளிக்கும் முறையை வகுத்த ஐஏஎஸ் 1-க்கு மாற்றாக வருகிறது. 2027 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அது பொருந்தும். இலாப நட்ட அறிக்கையில் வருவாயையும் செலவையும் செயல்பாடு, முதலீடு, நிதி திரட்டல் முதலிய பிரிவுகளில் வகைப்படுத்த வேண்டும் என்கிறது இந்தத் தரம். மூத்த மாணவரிடம் கடன் வாங்கிய நூலில் இது இருக்காது. அடிப்படைப் பதிவுகளுக்கு அந்த நூலே போதும், தரங்களுக்குப் போதாது.

விரிதாளில் வடிகட்டுதல், தேடிப் பொருத்துதல் (lookup), சுருக்க அட்டவணை (pivot table) ஆகியவற்றை இரண்டாம் ஆண்டுக்குள் பழகிவிடுங்கள்.

விடுமுறைக்காலப் பயிற்சிக்கு முதலில் ஒரு சிறிய கணக்குத் தணிக்கை அலுவலகத்தைத் தேடுங்கள். பெரிய நிறுவனத்தில் ஒரே வகைச் சான்றுச்சீட்டுகளைச் சரிபார்ப்பதிலேயே பயிற்சிக்காலம் கழிந்துவிடக்கூடும். சிறிய அலுவலகத்திலோ ஒரே வாடிக்கையாளரின் விலைப்பட்டியல், வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் (நிறுவன ஏட்டையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிடுவது), இறுதிக் கணக்கு என முழுச் சுற்றையும் காண வாய்ப்பு அதிகம். பெரிய பெயர் விண்ணப்பத்தில் எடுப்பாகத் தெரியும் என்பது உண்மைதான்; அதை இறுதியாண்டில் தேடிக்கொள்ளலாம்.