ஜப்பானியத் தற்காப்புக் கலைப் பயிற்சியில் பல்டி அடிப்பதெல்லாம் உண்மையிலேயே உண்டா?

நிஞ்ஜா படங்களில் வருகிற அந்தர் பல்டியைக் கேட்கிறீர்கள் என்றால், இல்லை. எதிரியின் தலைக்கு மேலே தாவி அவன் முதுகுக்குப் பின்னால் இறங்க எந்த டோஜோவிலும் (பயிற்சிக்கூடத்திலும்) எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தது விழுவதற்கு.

வேலைக்காக ஜப்பானில் ஆறு வருடம் இருந்தேன். நகராட்சி விளையாட்டுக்கூடத்தில் வாரம் இரண்டு நாள் ஐகிடோ, பிற்பாடு கொஞ்சம் ஜூடோ. ஆரம்பத்தில் வாரக்கணக்கில் உகெமி, அதாவது அடிபடாமல் விழும் பயிற்சி மட்டும்தான். 'உகெ' என்றால் வாங்கிக்கொள்வது, 'மி' என்றால் உடம்பு. அடி வாங்கினான் என்கிறோமே, அந்த வாங்குவதுதான்.

சிறு வயதில் ஆற்றுமணலில் பொழுது சாயும்வரை குட்டிக்கரணம் போட்டவன் நான். அந்தப் பழக்கத்தை மறக்கவே எனக்கு மாதக்கணக்கில் ஆனது. குட்டிக்கரணத்தில் பிடரியை ஊன்றி முதுகெலும்பின் மேல் நேராக உருளுகிறோம். மணல் தாங்கும். மரப்பலகையில் அப்படி உருண்டால் முதுகின் ஒவ்வொரு கணுவும் இடிபடும். உகெமியில் சுண்டுவிரல் ஓரமாகக் கை முதலில் தரையில் படும். பிறகு முன்கை, தோள், அங்கிருந்து முதுகின் குறுக்காக எதிர்ப்பக்க இடுப்பு. தலை தரையைத் தொடவே கூடாது. உருண்டதும் அப்படியே கிடக்காமல், எழுந்து எதிராளியைப் பார்த்து நிற்க வேண்டும்.

பின்பக்கம் விழும்போது சென்செய் (ஆசிரியர்) சொல்வது ஒன்றே ஒன்று: "உன் பெல்ட்டின் முடிச்சைப் பார்." முடிச்சைப் பார்த்தால் முகவாய் தானாக நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், பின்மண்டை தப்பிக்கும்.

ஜூடோவில் விழுகிற நொடியில் உள்ளங்கையும் முன்கையுமாகத் தாதாமி விரிப்பை ஓங்கி அறைவார்கள். விழும் வேகத்தில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். கல்தரையில் இதைச் செய்தால் கை போய்விடும். எங்கள் ஐகிடோ வகுப்பில் மூத்தவர்கள் ஓசையே இல்லாமல் விழுவார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் உருள்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கவனித்திருக்கிறேன். உடையின் சரசரப்பைத் தவிர வேறெதுவும் கேட்காது.

இதற்கு ஏன் இவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள்? எறிவதைப் பழக வேண்டுமானால், எறியப்படுபவர் நாளைக்கும் பயிற்சிக்கு வர வேண்டும். பழைய எறிமுறைகளிலும் பல்டி கிடையாது. 1882-ல் கொடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, தான் கற்ற கிதோ-ர்யூ என்ற பழைய மல்யுத்த மரபின் 21 எறிமுறைகளை கொஷிகி-நோ-கதா என்ற பெயரில் ஏறக்குறைய அப்படியே காப்பாற்றினார். கவசம் அணிந்த இருவரின் சண்டையை மனதில் வைத்து உண்டானவை அவை. அவற்றில் துள்ளல் எதுவும் இல்லை; கனமான ஒரு உடம்பு நிலைகுலைந்து சாய்வதைத்தான் பார்ப்பீர்கள்.

விழத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானே சாட்சி. 1983 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் அங்கே பள்ளி ஜூடோவில் 100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தலைக் காயம், மூளைக்கு மேலே ரத்தக் கசிவு. இறந்தவர்களில் பலர் முதலாண்டு மாணவர்கள். தலை நேரடியாக மோதாமல், வேகமாகச் சுழற்றப்பட்டாலேகூட உள்ளே ரத்தக்குழாய் கிழியலாம். 2012-ல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடமானபோது பெற்றோர் பயந்ததில் நியாயம் இருந்தது. உகெமியை ஏதோ சர்க்கஸ் வித்தை மாதிரி யாராவது பேசினால் எனக்கு இந்தப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள்.

தாவுவது அடியோடு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கதோரி ஷிந்தோ-ர்யூ என்ற பழைய வாள் மரபில், ஒரு முழங்காலை மடக்கி அமர்ந்த இடத்திலிருந்து அப்படியே மேலே எம்பி வாளை உருவும் பயிற்சி உண்டு. நேராக எம்புவார்கள், உடம்பு தலைகீழாகாது. 1185-ல் தான்-நோ-உரா கடற்போரில் மினாமோதோ யோஷித்சுனே என்ற தளபதி சுமார் ஆறு மீட்டர் தள்ளியிருந்த படகுக்குத் தாவினார் என்கிறது அந்தப் போரைப் பாடும் ஹெய்கே காவியம். பின்னால் வந்த கதைகள் அதை எட்டுப் படகுகளாக்கின.

நீங்கள் நினைக்கிற பல்டிக்கு உண்மையான வீடு கபுகி என்ற ஜப்பானிய நாடக மேடை. சண்டைக் காட்சியில் நாயகனிடம் வெட்டுப்பட்டு விழும் அடியாட்கள் காற்றில் ஒரு முழுச் சுற்று சுற்றி இறங்குவார்கள். அதற்குப் பெயர் தோன்போ, அதாவது தும்பி. பறக்கும்போதே சட்டென்று திரும்பும் பூச்சி அல்லவா! அதற்கும் வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். ஆனால் அது பார்வையாளர்களுக்காகச் செய்வது.

கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் வீட்டு மொசைக் தரையில் தயவுசெய்து முயல வேண்டாம். விரிப்பும், பக்கத்தில் ஆசிரியரும் இருக்கட்டும். முதலில் உட்கார்ந்தபடி, பிறகு குந்தியபடி, அதன் பிறகே நின்றபடி விழுங்கள். நான் தொடங்கியபோது வயது 38. நின்ற நிலையிலிருந்து பயமில்லாமல் பின்பக்கம் விழ எனக்கு நான்கு மாதம் ஆனது.