‘அவர்’ என்பதும் ‘நீர்’ என்பதும்

அன்புள்ள ஐயா,

ஓராண்டாக, ஜெபிக்க முழங்காலிட்டால் சொற்கள் வருவதில்லை. வேதத்தில் முன்பு என்னை அழவைத்த வசனங்கள் இன்று வெறும் எழுத்துகளாக நிற்கின்றன. அவர் என்னைவிட்டு விலகிவிட்டார் என்றே தோன்றுகிறது. சபையில் சொன்னபோது, மறைவான பாவம் ஏதேனும் இருக்கும், அறிக்கையிடுங்கள் என்றார்கள். தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். இனி என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பாவம் தேவனுக்கும் நமக்கும் நடுவே பிரிவினை உண்டாக்கும் என்று ஏசாயா 59 சொல்வது மெய்தான். ஆனால் எல்லா வறட்சிக்கும் அதுவே காரணம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. வேதத்தின் யோபு நூலில், எல்லாவற்றையும் இழந்து வாடிய யோபுவின் நண்பர்கள் உங்களுக்குச் சொல்லப்பட்டதையே அவனிடம் பல அதிகாரங்களுக்குச் சொன்னார்கள். முடிவில் கர்த்தரின் கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது. அந்நூலை வாசிக்கும்போது என் மனம் ஓரிடத்தில் எப்போதும் நின்றுவிடும். நண்பர்கள் தேவனைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள், ஒருமுறைகூட அவரோடு பேசுவதில்லை. யோபுவோ, முன்னாகப் போனாலும் பின்னாகப் போனாலும் அவரைக் காணேன் என்று புலம்புகிறவன், ‘ஏன் உமது முகத்தை மறைக்கிறீர்?’ என்று அவரிடமே கேட்டும் விடுகிறான்.

உங்கள் கடிதத்தில் அவர் ‘அவர்’ ஆகவே இருக்கிறார். குறையாகச் சொல்லவில்லை; கடிதம் எனக்கு எழுதப்பட்டது. ஆனால் ஜெபத்திலும் அவரைப் பற்றி உங்களுக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருக்கிறீர்களோ என்று அஞ்சுகிறேன். 23ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். புல்லுள்ள இடங்களிலும் அமர்ந்த தண்ணீரண்டையிலும் தாவீது மேய்ப்பரை ‘அவர்’ என்கிறான். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு திரும்பி, ‘தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்’ என்று நேர்முகமாகிவிடுகிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் கடினமானது. மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் நம்பிக்கையிலோ துதியிலோ முடிய, இதன் 18 வசனங்களும் ஆறுதலின்றி ஓடி, எபிரெயு மூலத்தில் இருள் என்ற சொல்லோடு நின்றுவிடுகின்றன. ஆயினும் அந்த மனிதன் தேவனிடம் பேசுவதை நிறுத்தவில்லை. அதையும் ஜெபமென்றே ஏற்று வேதத்தில் வைத்திருக்கிறார்கள். இயேசுவே சிலுவையில் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்?’ என்று 22ஆம் சங்கீதத்தின் சொற்களால் கதறினார் அல்லவா? கைவிடப்பட்டதைப் பிதாவிடமே சொல்ல அவரால் முடிந்ததென்றால், அந்தச் சொற்கள் உங்களுக்கும் உரியவை.

இன்றிரவு 88ஆம் சங்கீதத்தை உங்கள் குரலில், வாய்விட்டு வாசியுங்கள். உணர்ச்சி வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருக்க வேண்டாம். அவ்வாறு கவனிப்பதே பெரிய களைப்பு. வெறுமை ஜெபத்தோடு நில்லாமல் உணவையும் உறக்கத்தையும் வேலையையும் பாதித்திருந்தால் மருத்துவரையும் பாருங்கள். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தான்.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். எதுவும் மாறவில்லையென்றால், அதையே எழுதுங்கள்.