தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கால நினைவிடங்கள்: கேள்வி பதில்

ஜொகன்னஸ்பர்க் அபார்தைட் மியூசியத்தில் வாசலிலேயே ஆட்களைப் பிரிப்பார்களாமே?

ஆமாம். டிக்கெட்டில் 'வெள்ளையர்' அல்லது 'வெள்ளையர் அல்லாதவர்' என்று இருக்கும். உங்கள் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கேற்ற வாசல் வழியாகத்தான் போக வேண்டும்; கூட வந்தவர் கொஞ்ச நேரம் கம்பிக்கு அந்தப் பக்கம். நாடகம்தான், ஆனால் உறைக்கிற நாடகம். 2001-இல் திறந்த இந்த மியூசியம், பக்கத்துச் சூதாட்ட விடுதிக்கு உரிமம் கேட்டவர்கள் கொடுத்த வாக்குறுதியால் வந்தது என்பது தனி வேடிக்கை.

கேப்டவுனில் ஒரே நாள்தான் இருப்போம். ராபன் தீவா, டிஸ்ட்ரிக்ட் சிக்ஸா?

என்னைக் கேட்டால் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், அதாவது நகருக்குள் இடித்துத் தள்ளிய ஒரு பேட்டையின் மியூசியம். அரசியல் கைதிகளை அடைத்த சிறைத்தீவான ராபன் தீவில் எல்லோரும் மண்டேலாவின் சிறை அறை முன்னால் போட்டோவுக்கு நெருக்குவார்கள். தலைவர்கள் பட்டது அங்கே தெரியும். நிறவெறிச் சட்டம் சாதாரண ஆட்களை என்ன செய்தது என்பது இங்கேதான் தெரியும். 1966-இல் இந்தப் பகுதியை வெள்ளையருக்கு என்று அறிவித்து, 60,000 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். பழைய மெதடிஸ்ட் தேவாலயத்துக்குள் இருக்கும் மியூசியத்தின் தரையில் அந்தப் பேட்டையின் பெரிய வரைபடம். அங்கே குடியிருந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். மேலே தொங்கும் தெருப் பெயர்ப் பலகைகள், வீடுகளை இடித்த வேலையில் இருந்த ஒருவர் குப்பையில் போடாமல் பதுக்கி வைத்தவை.

சிறையில் இந்தியர்களுக்கும் அதே கொடுமைதானா?

சிறைதான், ஆனால் அதற்குள்ளும் படிகள். ராபன் தீவில் காட்டும் உணவுப் பட்டியலைக் கவனியுங்கள்: கலப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் தினம் ஒரு அவுன்ஸ் ஜாம், கறுப்பருக்கு அது கிடையாது. உடையிலும் அப்படியே. 1964-இல் சேர்ந்தே தண்டனை பெற்றவர்கள் மண்டேலாவும் அகமது கத்ராடாவும். கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டை, மண்டேலாவுக்கு அரைக்கால் சட்டை. தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு போராடிய தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடுவும் அங்கே பத்து வருடம் இருந்தவர்.

மண்டேலாவைத் தவிர வேறு யாரையும் காட்டுவதில்லையா?

பான் ஆப்பிரிக்கானிஸ்ட் காங்கிரஸ் என்ற விடுதலை இயக்கத்தின் தலைவர் ராபர்ட் சொபுக்வே ராபன் தீவில் இருந்த வீட்டைக் காட்டுவார்கள். தண்டனைக் காலம் முடிந்த பிறகும், அவருக்காகவே போட்ட சட்டப்பிரிவை வைத்து 1969 வரை தனியாக அடைத்திருந்தார்கள். வழிகாட்டியிடம் கேட்டால் நிறையச் சொல்வார். சிறைக்குள் கூட்டிப்போகிறவர்கள் பெரும்பாலும் முன்னாள் அரசியல் கைதிகளே; கூச்சப்படாமல் கேளுங்கள்.

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்காரர்கள் திரும்பி வந்தார்களா?

கொஞ்சம் பேர். முதல் இருவருக்கு 2004-இல் மண்டேலா சாவி கொடுத்தார். இடித்த நிலத்தில் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் சும்மாவே கிடந்தது.