படை கையில் இருக்கும்போதே நிறுத்துங்கள்

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகு கரையில்தான். சாயங்காலமானால் ஐந்து பேர் கூடி, உலகப்படப் பலகையில் படை வைத்து நாடு பிடிக்கும் ரிஸ்க் ஆடுகிறோம். கண்டம் முழுக்கப் பிடித்தால் ஏழு படை கூடுதலாக வருமே என்று நான் ஆசியாவுக்குப் போவேன். மூன்றாவது சுற்றுக்குள் என்னைத் துடைத்தெடுத்துவிடுகிறார்கள். பகடை எனக்கு மட்டும் விழ மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முதலில் ஆசியாவை விடுங்கள். அந்த 7 படை வர 12 நாடுகளும் ஒரு சுற்று முழுக்க உங்கள் கையில் நிற்க வேண்டும். கம்சட்கா, யூரல், ஆப்கானிஸ்தான், மத்தியக் கிழக்கு, சயாம் என்று ஐந்து வாசல்களுக்குக் காவல் போட வேண்டும். ஐந்து பேர் ஆடும்போது ஆளுக்குத் தொடக்கத்தில் 25 படைதான். அதை ஐந்தாகப் பிரித்தால் எந்த வாசலும் நிற்காது. ஆஸ்திரேலியாவுக்கு 4 நாடு, ஒரே வாசல், 2 படை. தென் அமெரிக்காவுக்கும் அதே 2 படை, வாசல் இரண்டு. கொஞ்சம் வளர்ந்த பிறகு வட அமெரிக்கா நல்லது: மூன்று வாசலுக்கு 5 படை கிடைக்கும்.

ஆஸ்திரேலியா கிடைத்தால் காவலை இந்தோனேஷியாவோடு நிறுத்தாமல் சயாமில் ஏற்றி வையுங்கள். உங்கள் வீடும் பத்திரம், ஆசியாவை வேறொருவர் முழுதாகப் பிடித்து 7 படை வாங்கவும் முடியாது.

இனி பகடை. தாக்குபவர் மூன்று கட்டை, காப்பவர் இரண்டு கட்டை உருட்டினால், நூற்றுக்கு 37 முறை காப்பவர் இரண்டு படை இழப்பார். 29 முறை தாக்குபவர் இரண்டு இழப்பார். மீதி 34 முறை ஆளுக்கு ஒன்று. தாக்குபவர் பக்கம் கொஞ்சம் சாய்வுதான். தாக்குபவரும் இரண்டே கட்டை உருட்டும்போது எல்லாம் தலைகீழ்: 45 முறை அவர் இரண்டு படை இழக்கிறார், காப்பவர் இரண்டு இழப்பது 23 முறைதான். சமமாக விழுந்தால் காப்பவருக்கே வெற்றி என்ற விதிதான் காரணம்.

மூன்று கட்டை உருட்ட அந்த நாட்டில் 4 படையாவது வேண்டும், ஒன்று வீட்டில் நிற்க வேண்டுமே. ஆகவே 3 படைக்கு இறங்கியதும், எதிரில் இரண்டு இருந்தால் நிறுத்துங்கள். ‘இன்னும் ஒரே உருட்டு’ என்று கை துறுதுறுக்கும் இடம் இதுதான். பெரும்பாலானோர் படையைக் கரைப்பதும் இங்கேதான். எதிரில் ஒரே படை நின்றால் கதை வேறு: மூன்று கட்டைக்கு நூற்றுக்கு 66 முறை உங்களுக்கு விழும், இரண்டு கட்டைக்குக் கூட 58. துணிந்து போகலாம்.

ஒரு சுற்றில் ஒரு நாடு பிடித்தாலும் ஒரு சீட்டு, ஐந்து பிடித்தாலும் அதே ஒரு சீட்டு. தொடக்கத்தில் சுற்றுக்கு ஒன்று பிடித்துவிட்டு ஒதுங்குங்கள். மூன்று சீட்டுத் தொகுதியைக் கொடுத்து மாற்றும்போது கிடைக்கும் படை 4, 6, 8, 10, 12, 15 என்று ஏறி, பிறகு ஐந்தைந்தாகக் கூடும். அதனால் பின்னால் மாற்றுபவருக்கு ஆதாயம். ஆனால் கையில் ஐந்து சீட்டு சேர்ந்தால் மாற்றியே ஆக வேண்டும். நான்கு சீட்டோடு ஒருவர் மெலிந்து நின்றால் அவரைக் குறி வையுங்கள். கடைசிப் படையை வீழ்த்துபவருக்கே அவருடைய சீட்டெல்லாம் சேரும். வேறொருவர் முடிக்கட்டும் என்று அவரைப் பாதியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு: நாடுகளை மூன்றால் வகுத்துத்தான் சுற்றுப் படை வருகிறது, குறைந்தது 3. உங்களிடம் 9 நாடு இருந்தாலும் 11 இருந்தாலும் அதே 3 படை. 12-ஆவது பிடித்தால்தான் நான்கு.

கேள்வி: கடல் காற்றில் ஆட்டப் பலகை வளைந்துவிட்டது. காய்களில் பாதி தொலைந்து போச்சு. புதிதாக வாங்காமல் சமாளிக்க முடியுமா?
– வாசகி, ஏர்வாடி

பதில்: முடியும். வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று உலர்ந்து இன்னும் வளையும், அச்சும் வெளுக்கும். இரண்டு பலகைக்கு நடுவே தட்டையாக வைத்து, மேலே 10 கிலோ அரிசிச் சிப்பத்தை இரண்டு மூன்று நாள் ஏற்றி வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் பெட்டிக்குள் போடுங்கள். சீட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை.

காய்க்குப் புளியங்கொட்டை அருமை: கழுவி, நன்றாக உலர்த்தி, ஆளுக்கொரு நிறத்தில் நகப்பூச்சு தடவுங்கள். கொட்டை என்றால் ஒரு படை, சட்டைப் பொத்தான் என்றால் ஐந்து, சோடா மூடி என்றால் பத்து. ஆளுக்கு 40 கொட்டை, 12 பொத்தான், 8 மூடி தாராளம். குன்றிமணி அழகுதான், விஷ விதை, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா. அங்கிருந்து சங்கு, பவளம் எடுத்து வராதீர்கள்.

கேள்வி: ஆடு புலி ஆட்டத்தில் ஆடு வைத்திருப்பவர் ஜெயிக்கவே முடியாதா?
– மாணவர், தேவிபட்டினம்

பதில்: முடியும். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி உள்ள கோடு என்று வைத்துக்கொள்வோம். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், புலிகளை நகரவிடாமல் அடைத்தால் ஆட்டுக்கு வெற்றி. முக்கோணத்தின் குறுக்கே கிடக்கும் நடுக்கட்டத்தின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரண்டு முனைகள், ஆக ஆறு இடங்களில் ஆட்டைப் புலி தாண்ட முடியாது, தாண்டி விழ அப்பால் புள்ளியே இல்லை. முதல் ஆறு ஆட்டையும் அங்கே இறக்குங்கள். மற்ற இடங்களில் வைக்குமுன் நேர்க்கோட்டில் பாருங்கள்: ஒரு பக்கம் புலி, எதிர்ப்பக்கம் காலி என்றால் அங்கே வைக்கக் கூடாது. நெடுக்கே பார்த்துவிட்டுக் குறுக்கே பார்க்க மறப்பதால்தான் ஆடு போகிறது.

15-ம் இறங்கிய பிறகு ஒரு மூலையைக் காலிசெய்து புலியை உள்ளே விடுங்கள். உச்சிப் புள்ளியில் நிற்கும் புலியை அடைக்க 8 ஆடு வேண்டும். மூலையில் நின்றால் பக்கத்துக்கு இரண்டாக 4 ஆடு போதும்.