ஜேசன் ஏஜென்ட் விதியில் சிக்கி நிற்பது பற்றி

ஜேசனில் (தாமாக முடிவெடுக்கும் ஏஜென்ட் நிரல்களை எழுத உதவும் தளம்) நீங்கள் எழுதிய வண்டி ஏஜென்ட் ஏன் சிக்கி நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். 'ஒருவழிப் பாதையில் எதிர்த்துப் போகக் கூடாது' என்பதை ஒவ்வொரு திட்டத்தின் சூழல் நிபந்தனையிலும் (அந்தத் திட்டம் எப்போது பொருந்தும் என்று சொல்லும் பகுதி) எழுதியிருக்கிறீர்கள். பாதை அடைபட்டதும் பொருந்தும் திட்டமே இல்லாமல் இலக்கு தோற்றுப்போகிறது, அதுதானே சிக்கல்? ஜேசன் மேல் தப்பில்லை. நிபந்தனைக்குள் புதைத்துவிட்டால், விதி என்று ஒன்று இருப்பதே ஏஜென்ட்டுக்குத் தெரியாது. தெரியாததை அது எப்படி எடைபோடும்?

விதியை வெளியே எடுத்து ஒரு நம்பிக்கையாக, அதாவது ஏஜென்ட் தன்னிடம் வைத்திருக்கும் தகவலாக, வையுங்கள்: யாருக்கு, எப்போது, எது தடை, மீறினால் என்ன விலை. எதிர்த்துப் போகும் திட்டமும் இருக்கட்டும். அதன் லேபிளில் (திட்டத்தின் பெயர்க்குறி) 'மீறல்' என்று குறித்துவிடுங்கள். அப்புறம் ஏஜென்ட் வகுப்பில் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் செலக்ட்ஆப்ஷன் (selectOption) என்ற செயற்கூற்றை மாற்றி எழுதுங்கள். வழக்கமாக அது பொருந்தும் முதல் திட்டத்தையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் அபராதத்தையும் தாமதத்தையும் ஒப்பிடச் சொல்லலாம். கடமை, ஆசை போன்றவற்றில் எதற்கு முன்னுரிமை என்பதை வைத்தே ஏஜென்ட்டின் குணத்தைப் பிரிக்கும் பாய்ட் (BOID) கட்டமைப்பையும் (2001) ஒருமுறை பாருங்கள்.

பலரும் கோட்டைவிடுவது மீறிய பிறகு என்ன என்பதில். 1963-இல் மெய்யியலாளர் ரோடரிக் சிஷோம் கிளப்பிய புதிர் இதுதான்: கடமையை மீறியவருக்கு அந்த மீறலே வேறொரு கடமையைத் தருகிறது. உங்கள் வண்டி எதிர்த்து நுழைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், மற்ற வண்டிகளுக்குத் தகவல் சொல்ல வேண்டும். மீறல் நம்பிக்கை சேர்ந்ததும் தூண்டப்படும் தனித் திட்டமாக இதை எழுதுங்கள்.

ஆள் மீது மோதாமல் இருப்பதை மட்டும் ஏஜென்ட்டின் முடிவுக்கு விடாதீர்கள். மோதும் செயலை, ஏஜென்ட் இயங்கும் உலகை நடத்தும் சூழல் நிரலே மறுக்கட்டும்.