இரவுக் கப்பலில் கெபினா, கதிரையா?

கேள்வி: சுவிஸில் இருக்கும் மகன் வருகிற ஆவணியில் எங்களைக் கிரேக்கத்துக்குக் கூட்டிப் போகிறார். ஏதென்ஸில் இரவு கப்பல் ஏறினால் விடியக் கிரீட் தீவில் இறக்கிவிடுமாம். எனக்குத் தெரிந்த கப்பல், வாவியைக் கடக்கிற குருக்கள்மடம் – அம்பிளாந்துறைப் பாதை (மிதவைப் படகு) மட்டும்தான். மகன் கெபின் போடுவோம் என்கிறார். "ஒரு ராவுதானே, கதிரையில இருந்து போகலாம், காசை ஏன் கரைக்கிற" என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். எனக்கு 61 வயது. முழங்கால் வருத்தம், பிரஷரும் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கடல் என்றாலே நெஞ்சு பதறும். வெள்ளிக்கிழமை மரக்கறி. என்ன செய்ய, அண்ணன்?
– ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை, கல்லடி

பதில்: தங்கச்சி, மகன் சொல்வதைக் கேளுங்கள். உங்கட இவர் சொல்லும் அதே கதையை 1984இல் நானும் சொன்னவன்.

அந்த வருசம் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் சரக்குக் கப்பல் வேலைக்காகக் காத்துக்கிடந்தேன். ஏஜன்ட் ஒருவர் "நாளைக்கு, நாளைக்கு" என்று ஐந்து கிழமை இழுத்தடித்தார். சும்மா கிடப்பதற்குக் கிரீட்டையாவது பார்ப்போம் என்று, இருந்ததிலேயே மலிவான டெக் டிக்கட் எடுத்து ஏறினேன். உள்ளே இருந்த கதிரையெல்லாம் பிடிபட்டுவிட்டது. மேல்தட்டில் புகைபோக்கிக்குப் பக்கத்தில், சூட்டுக்காக, சாரத்தை விரித்துப் படுத்தேன். நடுச்சாமத்தில் காற்று சாரத்தையே தூக்கியது. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடியும்வரை குந்தியிருந்தேன். விடிந்து பார்த்தால் வெள்ளைச் சேட்டு முழுக்கக் கரிப்பொட்டு, மிளகுதூள் தூவின மாதிரி. கிரீட்டின் ஹெராக்லியன் துறைமுகத்தில் இறங்கி ஒரு வாங்கில் சாய்ந்தவன், எழும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நான் தீவு பார்த்த கதை அவ்வளவுதான். அப்போது எனக்கு 27 வயது.

உள்ளே கதிரை கிடைத்தாலும் பெரிய சுகமில்லை. சாயும், ஆனால் படுக்காது. வெளிச்சம் முழுதாக அணையாது, ஏசி குளிரில் பல் கிட்டும். சாமம் தாண்டினால் பாதிப்பேர் கதிரைகளுக்கு நடுவே நிலத்தில்தான் கிடப்பார்கள். உங்கட முழங்கால் அதற்குச் சரிவராது. கெபினில் படுக்கை, விரிப்பு, துவாய், சுடுதண்ணீர், உள்ளேயே கழிப்பறை எல்லாம் உண்டு. நாலு படுக்கைக் கெபினில் இரண்டு மேலே இருக்கும், ஏணியில் ஏறவேண்டும். ஆகவே உங்கள் இருவருக்கும் கீழ்ப் படுக்கை என்று மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள். யன்னல் இல்லாத கெபின் விலை குறைவு. இருட்டுக் கடலைப் பார்க்க யன்னல் எதற்கு? அங்கே மிச்சம் பிடிக்கட்டும் உங்கட இவர்.

டிக்கட்டை முந்திப் போடுங்கள். ஓகஸ்ட் 15 அங்கே மாதா பெருநாள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்குத் திரள்கிற சனம் போல ஏதென்ஸே ஊருக்குக் கிளம்பும்.

விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு 2022 முதல் மெட்ரோ நேராகப் போகிறது, ஒரு மணித்தியாலம் எடுக்கும். சன நெரிசலில் கைப்பையை முன்னால் பிடியுங்கள். துறைமுகம் பெரியது, E1 முதல் E12 வரை வாசல்கள். கிரீட் கப்பல்கள் வழமையாக E2, E3 பக்கம். ஸ்டேஷனிலிருந்து அது நல்ல தூரம், ஆனால் துறைமுகத்துக்குள் இலவச பஸ் ஓடும். அதிகம் நடக்க வேண்டாம்.

ஏறுவது கப்பலின் பின்பக்கம், லொறி, கார் போகிற அதே வாயால். நம்ம பாதையில் மோட்டார் சைக்கிளும் ஆட்களும் ஒன்றாக ஏறுவதில்லையா, அதுதான், பெரிதாக. மகன் கார் கொண்டுவந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: கப்பல் வெளிக்கிட்டதும் கார்த்தட்டைப் பூட்டிவிடுவார்கள். பிரஷர் குளிசை காருக்குள் கிடந்தால் விடியும்வரை அங்கேதான் கிடக்கும்.

கடல் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. கல்லடியில் இருந்தவருக்கு நான் என்ன சொல்ல? ஒன்று மட்டும் சொல்லலாம். சுனாமி ஆழ்கடலில் உயர்வதில்லை, கரைக்கு வந்து ஆழம் குறைந்த பிறகுதான் எழும்பும். ஆழ்கடலில் போகிற கப்பலுக்குக் கீழால் அது கடந்துபோனாலும் தெரியாது.

அங்கே கவனிக்கவேண்டியது காற்று. நமக்குக் கச்சான் அடிக்கிற காலத்தில் அவர்களுக்கு வடக்கிலிருந்து 'மெல்தேமி' அடிக்கும். வானத்தில் ஒரு முகில் இருக்காது, கடல் மட்டும் கொதிக்கும். 200 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டு போகும். நடுப்பகுதியில், கீழ்த்தட்டுக் கெபினில் ஆட்டம் குறைவு. சத்திக் குளிசையை ஏறுவதற்கு முன்பே போடவேண்டும், சத்தி வந்தபிறகு பிரயோசனமில்லை. பிரஷர் இருப்பதால் எந்தக் குளிசை என்று உங்கட டொக்டரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். காற்று மிஞ்சினால் கரையோரக் காவல்படை கப்பலை விடாது. அதனால் திரும்பி வந்து இறங்குகிற நாளிலேயே விமானம் போடவேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு சொல் பாடமாக்குங்கள்: 'நிஸ்தீசிமோ'. அவர்களின் விரதச் சாப்பாடு. இறைச்சி, முட்டை, பால் இராது. ஆனால் கணவாயும் இறாலும் அவர்களின் விரதத்துக்கு ஆகும்! நான் ஒருமுறை நம்பி வாங்கி, மூடியைத் திறந்தால் கணவாய்க்கால் எட்டிப்பார்த்தது. கையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு ஏறுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள்.

ஆறு மணிவாக்கில் ஹெராக்லியன். ஹோட்டல் அறை பின்னேரம்தான் கிடைக்கும், பைகளை மட்டும் வைத்துவிட்டு நேரே க்னொசொஸ் போங்கள், ஐந்து கிலோமீட்டர்தான். 1900இல் ஆர்தர் எவன்ஸ் கிண்டத் தொடங்கிய, கிரீட்டின் பழைய மினோவன் நாகரிகத்து அரண்மனை. எட்டு மணிக்கே நிற்கவேண்டும், பிறகு நிழல் தேடி அலைவீர்கள். தண்ணீர் போக அந்தக் காலத்தில் பதித்த மண்குழாய்களைத் தேடிப் பாருங்கள். 1984இல் நான் நித்திரை கொண்டு விட்டது அதைத்தான்.

கேள்வி: நெடுந்தீவுக்கும் இப்படி இரவுக் கப்பல் இருக்கா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இல்லை. உங்களுக்கு இரவு யாழ்ப்பாண பஸ்ஸில்தான். விடியக் குறிகட்டுவான் போய்ப் படகு பிடித்தால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கோட்டை, குதிரை, பெருக்கமரம் எல்லாம் ஒரு பகலில் பார்க்கலாம். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவையுங்கள்.