ரெண்டு லேனை பிரிட்ஜ் போட்டு ஒண்ணாக்குறது, அதுவும் மலைக்கு மலை: எப்படி செய்யுறது?

கேள்வி இதுதான்: தோட்டத்து மேல்கணக்குல (மேல் டிவிசன்ல) ஒரு டியூஷன் சென்டர், எதிர்த்த மலையில கீழ்கணக்குல வாசிகசாலை, நேரா பாத்தா ஏறக்குறைய 900 மீட்டர், நடுவுல பள்ளம். ரெண்டு இடத்துலயும் ஒவ்வொரு ரவுட்டர் இருக்கு, கொம்பியூட்டர்களும் இருக்கு, அதாவது ஒவ்வொரு இடத்துலயும் ஒரு லேன் (அந்த இடத்துக்குள்ள இருக்கிற நெட்வேர்க்). சென்டர்ல இருக்கிற பிரின்டரும் பாஸ்ட் பேப்பர் (பழைய வினாத்தாள்) எல்லாம் போட்டு வச்சிருக்கிற கொம்பியூட்டரும் வாசிகசாலையில இருந்தும் தெரியணும், பிரிட்ஜ் வாங்கி மாட்டினா சரியா வருமான்னு கேட்டிருக்கீங்க.

வரும். நான் ஹட்டன், தலவாக்கலை பக்கம் இந்த வேலைதான் செய்யுறேன், அதனால நடக்குறதை வச்சே சொல்றேன். பிரிட்ஜ் டப்பா வாங்குறதுக்கு முந்தி ஒண்ணை முடிவு பண்ணுங்க: ரெண்டு லேனும் உண்மையிலேயே ஒரே லேனா ஆகணுமா? ஏன்னா பிரிட்ஜ்ங்கிறது ரெண்டு வீட்டுக்கு நடுவுல கதவு வைக்கிறது இல்லங்க, நடுச்சுவரையே எடுத்துடுறது. பிரின்டர் தெரியும், ஷேர் பண்ண ஃபோல்டர் தெரியும், அதோட அந்தப் பக்கத்து கோளாறும் இந்தப் பக்கம் வந்துடும்.

அது ஏன்னு புரியணும்னா உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாக்கணும். பிரிட்ஜ் ஐபி அட்ரஸை பாக்கிறதே இல்ல, ஒவ்வொரு மெஷினுக்கும் உள்ள மேக் அட்ரஸை, அதாவது கொம்பனியிலேயே போட்டு வர்ற அடையாள எண்ணை மட்டும்தான் பாக்கும். ஒரு போர்ட்ல (கேபிள் குத்துற இடம்) இருந்து ப்ரேம் (ஒரு பொட்டலம் டேட்டா) வந்தா அனுப்பினவரோட மேக் அட்ரஸை "இவர் இந்தப் பக்கம்"னு டேபிள்ல எழுதிக்கும், பொதுவா 300 செக்கன் வரைக்கும் சத்தம் இல்லாட்டி அழிச்சுடும். போக வேண்டிய மெஷின் எந்தப் பக்கம்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் மட்டும் அனுப்பும், ஒரே பக்கத்துல இருந்தா மறுபக்கம் அனுப்பாம விட்டுடும், தெரியாட்டி எல்லாப் பக்கமும் அனுப்பும். ப்ரோட்காஸ்ட், அதாவது எல்லாருக்கும்னு அனுப்பினது வந்தா கேள்வியே இல்ல, எப்பவும் மறுபக்கம் போகும். நம்ம கடைகள்ல வாங்குற சுவிட்ச்சும் பல போர்ட் வச்ச பிரிட்ஜ்தான்.

இந்த ப்ரோட்காஸ்ட் போகுதுங்கிற விசயத்துலதான் முக்கால்வாசி பிரச்சினை கிடக்கு. ஒரு கொம்பியூட்டர் ஓன் பண்ணினதும் "எனக்கு ஒரு அட்ரஸ் தாங்க"ன்னு ப்ரோட்காஸ்ட்லதான் கேக்கும், அதுதான் டிஎச்சிபி. பிரிட்ஜ் போட்டதும் அந்தக் கேள்வி ரெண்டு ரவுட்டருக்கும் போயிடும், யார் முந்திப் பதில் சொல்றாங்களோ அவங்க அட்ரஸை எடுத்துக்கும். போதாததுக்கு ரெண்டு ரவுட்டருமே வாங்கின மாதிரியே 192.168.1.1ல இருந்தா காலையில நெட் வேலை செய்யும், மத்தியானம் செய்யாது, ஒரு பிள்ளையோட லேப்டொப்ல வரும் பக்கத்துல இருக்கிற பிள்ளைக்கு வராது. இதைப் பாத்துட்டு "மழைக்கு சிக்னல் போயிடுச்சு"ன்னு சொல்லி டப்பாவை மாத்துறாங்க. சிக்னல்ல ஒண்ணும் இல்லங்க.

அதனால மலையில ஏறுறதுக்கு முந்தி, ஒரு தாள்ல அட்ரஸ் எழுதுங்க. மேல இருக்கிற ரவுட்டர் 192.168.1.1, அதுதான் நெட்டுக்கு வாசல் (கேட்வே), டிஎச்சிபி குடுக்கிறதும் அது மட்டும்தான், கடைசி எண் 50ல இருந்து 200 வரைக்கும் குடுக்கட்டும். கீழ இருக்கிற ரவுட்டரை 192.168.1.2னு மாத்தி அதுல டிஎச்சிபியை ஓஃப் பண்ணுங்க, அது இனி வெறும் வைபையும் சுவிட்ச்சும்தான். பிரிட்ஜ் டப்பா ரெண்டுக்கும் கடைசி எண் 11, 12, பிரின்டருக்கு 20னு நிரந்தரமா குடுத்துடுங்க. பிரிட்ஜ்ல இருந்து வர்ற கேபிளை கீழ ரவுட்டரோட லேன் போர்ட்லதான் குத்தணும், நிறம் வேற அடிச்சிருக்கிற வேன் போர்ட்ல (நெட் கனெக்சன் குத்துற போர்ட்) குத்தினா ரெண்டு பக்கமும் தனித்தனி நெட்வேர்க்காவே நிக்கும், மேல இருந்து கீழ ஒண்ணும் தெரியாது, அது பிரிட்ஜே இல்ல.

ரெண்டு இடத்துலயும் தனித்தனி இன்டர்நெட் கனெக்சன் இருந்து ரெண்டையும் வச்சுக்கணும்னா அப்ப பிரிட்ஜ் வேணாம், ரவுட்டிங் போடுங்க. மேல 192.168.10, கீழ 192.168.20னு வேற வேற நெட்வேர்க்கா விட்டுட்டு நடுவுல அதே வயர்லெஸ் லிங்க், ரெண்டு ரவுட்டர்லயும் "மத்தவங்களுக்கு இந்த வழி"ன்னு ஸ்டேட்டிக் ரூட் ஒண்ணு, அதைப் போட இடம் குடுக்கிற ரவுட்டரா இருக்கணும், அவ்வளவுதான். பிரின்டருக்கு ஐபி அடிச்சு சேத்தா வேலை செய்யும், தானா தேடிக் கண்டுபிடிக்கிறது மட்டும் நடக்காது. கூட்டுறவுக் கடை மாதிரி காசுக் கணக்கு இருக்கிற இடத்தோட பிள்ளைகளோட லேப்டொப்பை சேக்கிறதா இருந்தாலும் நான் ரவுட்டிங்தான் சொல்லுவேன், யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

சரி, ஒரே லேன்தான் வேணும்னு முடிவாச்சுன்னு வைங்க. சாதா வைபை ரிப்பீட்டரை வச்சு பிரிட்ஜ் பண்ணப் பாக்காதீங்க. சாதாரண வைபை கிளையன்ட் (வைபையில சேர்ற மெஷின்) அனுப்புற ப்ரேம்ல பின்னால இருக்கிற கொம்பியூட்டரோட மேக் அட்ரஸ் வைக்க இடமே இல்ல, அதனால பின்னால இருக்கிற எல்லாரும் ஒரே ஆள் மாதிரி தெரிவாங்க. நாலு அட்ரஸ் வைக்கிற மோட் வேணும், செட்டிங்ல டபிள்யூடிஎஸ்னு இருக்கும் இல்லாட்டி பிரிட்ஜ் மோட்னே இருக்கும். கொம்பனிக்கு கொம்பனி இது ஒத்துப்போகாது, அதனால ரெண்டு பக்கமும் ஒரே கொம்பனியோட வெளியில மாட்டுற 5 கிகாஹேர்ட்ஸ் டப்பா ஜோடியா வாங்குங்க.

இனி மலை. பனி மூடினா லிங்க் போயிடுமான்னு எல்லாரும் கேக்கிறாங்க. 5 கிகாஹேர்ட்ஸ்ல 1 கிலோமீட்டருக்குள்ள பனியும் மழையும் பெருசா ஒண்ணும் செய்யாது, எதிர் மலை கண்ணுக்கே தெரியாத நேரத்துலயும் லிங்க் அறாம அப்படியே இருக்கும். ஆனா 60 கிகாஹேர்ட்ஸ் டப்பா வேகமா இருக்குன்னு யாராவது சொன்னா மஸ்கெலியா பக்கத்து மழைக்கு இந்தத் தூரத்துல வேணாம்னு சொல்லுங்க, அந்த அலையை காத்துல இருக்கிற ஒட்சிசனும் குடிக்கும், கன மழையும் குடிக்கும். 5 கிகாஹேர்ட்ஸுக்கு எதிரி மரம்தான், அதுவும் நனைஞ்ச மரம். நிழல் மரத்துக்கு கிளை வெட்டின புதுசுல போய் பாத்துட்டு "நல்லா தெரியுது"ன்னு மாட்டிடுவாங்க, தளிர்த்து வந்ததும் மே மாசத்துல தென்மேல் பருவமழை தொடங்கினா லிங்க் விழும். இன்னொரு விசயம், ஆள் ஆளைக் கண்ணால பாத்தா மட்டும் போதாது. அலை கம்பி மாதிரி நேரா போறது இல்ல, நடுவுல பருத்து போகும், 5.8 கிகாஹேர்ட்ஸ்ல 900 மீட்டருக்கு நடுப்பாதியில நேர்கோட்டுல இருந்து எல்லாப் பக்கமும் 3.4 மீட்டர் வரும், அதுல 60 சதவீதமாவது, அதாவது அந்த நேர்கோட்டுக்கு எல்லாப் பக்கமும் 2 மீட்டர் தூரம் மரமோ கூரையோ இல்லாம இருக்கணும். உங்க பள்ளம் நடுவுல இருக்கிறது நல்லது, பிரச்சினை வந்தா ரெண்டு முனையிலதான் வரும், பக்கத்து லயத்துக் கூரை, கோயில் பக்கத்து யூக்கலிப்டஸ் மரம், அந்த மாதிரி. மரத்தை நீங்களா வெட்டாதீங்க, தோட்டத்து மரம் தோட்டத்துக்குச் சொந்தம், கம்பம் நடுறதுக்கும் ஆபீஸ்ல எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிடுங்க. ஒரு இடத்துல தலைவர் ஒருத்தர் "தம்பி, மரத்துக்கு துரைகிட்ட கேட்டு காலம் போகும், கம்பத்தை பத்தடி தள்ளி நட்டா என்ன"ன்னு கேட்டார், அவர் சொன்னதுதான் சரி, தள்ளி நட்டோம், மரமும் நிக்குது லிங்க்கும் நிக்குது.

டப்பாவை தகரக் கூரைக்கு கீழ மாட்டாதீங்க, ஜிஐ பைப்ல கூரைக்கு மேல தூக்கிடுங்க, பைப் காத்துக்கு ஆடக்கூடாது. திசை பிடிக்கிறதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள், கையில போன். ஒரு பக்கம் அசைக்கும்போது மத்தப் பக்கம் தொடவே கூடாது. கொஞ்சம் திருப்பி, திரையில காட்டுற சிக்னல் நம்பர் நிலைக்கிற வரைக்கும் நின்னு, மறுபடி கொஞ்சம் திருப்பணும். ஒரு நல்ல நம்பர் கண்டதும் இறுக்கிடாம அதைத் தாண்டி ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க, அன்டெனாவுக்கு பக்கக் கதிர்னு ஒண்ணு இருக்கு, அதுல மாட்டிக்கிட்டா ஏதோ வேலை செய்யும், ஆனா அரைகுறையா. டப்பாவோட வர்ற புத்தகம் சமதரைக்கு எழுதினது, மேல கீழ சாய்க்கிறதைப் பத்தி ஒரு வரிதான் இருக்கும், நமக்கு அதுதான் முக்கியம்: 900 மீட்டர் தூரத்துல 120 மீட்டர் உயர வித்தியாசம்னா ஏழரை டிகிரி சாய்வு வருது, மேல இருக்கிறது அவ்வளவு குனியணும், கீழ இருக்கிறது அவ்வளவு நிமிரணும். என்ன நம்பர் வரணும்னு முந்தியே கணக்குப் போட்டுக்குங்க. இந்தத் தூரத்துல காத்துல தொலையறது ஏறக்குறைய 107 டிபி, 20 டிபிஎம் பவர்ல அனுப்பி ரெண்டு பக்கமும் அன்டெனாவோட கெயின் (கூட்டிக் குடுக்கிற பலம்) 13 டிபிஐன்னா 20ஓட 26 கூட்டி 107 கழிச்சா மைனஸ் 61. திரையில மைனஸ் 63, 65 வந்தா சந்தோசமா இறுக்குங்க. மைனஸ் 75 வந்தா எங்கயோ மறைக்குது, இல்லாட்டி திசை தப்பு, "பரவாயில்ல ஓடுது"ன்னு இறங்கி வந்துடாதீங்க. செட்டிங்ல நாடு கேக்கிற இடத்துல இலங்கைன்னே போடுங்க, எந்த சேனல், எவ்வளவு பவர்ங்கிறது நாட்டுக்கு நாடு வேற.

மின்னலை சும்மா எடுக்காதீங்க. நம்ம நாட்டுல மார்ச் ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரம் இடி மின்னல் கூட, கம்பம் நிக்கிறது மலை உச்சியில. பைப்பை நிலத்துல அடிச்ச எர்த் கம்பியோட சேருங்க, கேபிள் ஷீல்டு போட்டதா வாங்குங்க, கட்டடத்துக்குள்ள போற இடத்துல சர்ஜ் புரொடெக்டர் வைங்க, அதுக்கும் எர்த் வேணும். கேபிள் உள்ள நுழையிற இடத்துக்கு முந்தி கீழ ஒரு வளைவு விட்டா மழைத்தண்ணி அங்கேயே சொட்டிடும், உள்ள வராது. ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல செம்புக் கேபிள் இழுக்கலாமான்னு சிலர் கேக்கிறாங்க, 100 மீட்டருக்கு மேல ஈதர்நெட் போகாதுங்கிறது ஒரு பக்கம், ரெண்டு கட்டடத்து எர்த்தும் ஒண்ணு இல்லங்கிறது அதைவிடப் பெரிய விசயம், எங்கயோ விழுந்த மின்னல் ரெண்டு பக்கத்து சுவிட்ச்சையும் எரிச்சுட்டுப் போயிடும். ஃபைபர்ல அந்தப் பயம் இல்ல, தூரமும் பிரச்சினை இல்ல, ஆனா மண் சரியிற சரிவுல இழுத்தா அடிக்கடி அறும்.

பவர் குடுக்கிற அடாப்டர் டப்பாவோட வந்ததையே பாவிங்க. சிலது 24 வோல்ட், சிலது 48, கேபிள் முனை பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், மாத்திக் குத்தினா டப்பா போயிடலாம். கரண்ட் போனாலும் ரெண்டு பக்கமும் ஓடிக்கிட்டே இருக்கணும், ஒரு பக்கம் மட்டும் யுபிஎஸ் வச்சுப் பிரயோசனம் இல்ல. 2022 மின்வெட்டுக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்ல.

லூப்பை, அதாவது போன வழி சுத்தி அதே இடத்துக்கு வர்றதைப் பத்தி கட்டாயம் சொல்லணும். ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல்னு ஒரு எண்ணிக்கை இருக்கு, ரவுட்டருக்கு ரவுட்டர் குறைஞ்சு செத்துடும். ஈதர்நெட் ப்ரேமுக்கு அது இல்ல. ரெண்டு வழி கிடைச்சா ஒரு ப்ரோட்காஸ்ட் சுத்திக்கிட்டே இருக்கும், பெருகிக்கிட்டே இருக்கும், ரெண்டு கட்டடமும் ஒண்ணா விழும். நோர்வூட் பக்கம் ஒரு இடத்துல போய் பாத்தேன், சுவிட்ச்ல எல்லா லைட்டும் ஒரே தாளத்துல படபடன்னு அடிக்குது, ஒவ்வொரு கேபிளா கழட்டிக்கிட்டே வந்தா, ஒரு கேபிளோட ரெண்டு முனையும் அதே சுவிட்ச்லயே குத்தியிருக்கு, மேசையைக் கூட்டினவங்க சும்மா தொங்குதேன்னு குத்தியிருக்காங்க. இதைத் தடுக்கத்தான் ரேடியா பெர்ல்மன்ங்கிற அம்மா 1985ல டிஜிட்டல் எக்விப்மென்ட் கோப்பரேசன்ல ஸ்பேனிங் ட்ரீயைக் கண்டுபிடிச்சாங்க, பிரிட்ஜ்கள் தங்களுக்குள்ள பேசி ஒரு வழியை மட்டும் திறந்து வச்சு மிச்சத்தை அடைச்சுடும். உங்க டப்பாலயும் சுவிட்ச்லயும் எஸ்டிபின்னு (ஸ்பேனிங் ட்ரீதான்) இருந்தா ஓன் பண்ணுங்க, விலை குறைஞ்ச சுவிட்ச்ல இருக்காது. பழைய வகை எஸ்டிபியில போர்ட் திறக்க 30 செக்கன் எடுக்கும், அதைப் பாத்து கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. விண்டோஸ்ல ரெண்டு கனெக்சனை ஒண்ணா செலக்ட் பண்ணி பிரிட்ஜ் பண்ற வசதி இருக்கு, கேபிளும் வைபையும் ஒரே லேனுக்குப் போற லேப்டொப்ல யாராவது அதை அமுக்கினாலும் லூப் ஆகலாம், பிள்ளைகளுக்கு சொல்லி வைங்க.

டப்பாவோட வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாத்தி, லிங்க்குக்கு டபிள்யூபிஏ2 பூட்டு போட்டுடுங்க. லயத்து ஆட்களுக்கும் வைபை குடுக்கிறதா இருந்தா நல்ல விசயம்தான், ஆனா அதை கெஸ்ட் நெட்வேர்க்கா வேற வீலேன்ல (அதே கேபிள்லயே பிரிச்சு விடுற தனி லேன்) விடுங்க, பாஸ்ட் பேப்பர் வச்சிருக்கிற ஃபோல்டர் ஊருக்கே திறந்து கிடக்கக் கூடாது.

எல்லாம் முடிஞ்சதும் வாசிகசாலையில ஒரு லேப்டொப்பை ஓன் பண்ணி, கேட்வே 192.168.1.1னு வருதான்னு பாருங்க. பிங் (மறுபக்கம் பதில் சொல்லுதான்னு பாக்கிறது) பத்து நிமிசம் ஓடட்டும், ஒரு பெரிய ஃபைல் கொப்பி பண்ணுங்க, பிறகு பிரின்டருக்கு ஒரு பக்கம் அனுப்புங்க. லிங்க் ரேட் 300 எம்பிபிஎஸ்னு காட்டினா கையில கிடைக்கிறது அதுல பாதிக்குக் கிட்டதான், வயர்லெஸ்ல ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் பேசும்.

அடுத்த வருசம் முன்பள்ளியையும் சேக்கலாம்னு எழுதியிருந்தீங்க. அது மேல்கணக்கில இருந்து தெரிஞ்சா மேல இன்னொரு டப்பா மாட்டி அங்க இருந்தே குடுங்க, மூணும் ஒண்ணையொண்ணு பாக்குதுன்னு முக்கோணமா மூடிடாதீங்க, மூடணும்னா எஸ்டிபி ஓடுதான்னு பாத்துட்டு மூடுங்க. கம்பம் நிக்கப்போற இடத்துல இருந்து எதிர்ப்பக்கத்தை ஒரு படம் எடுத்து கீழ போடுங்க, மரம் மறைக்குமான்னு பாத்துச் சொல்றேன்.